படத்தைத் தொடாமல் படத்தைத் திருத்தலாம்!

சில மாதங்களுக்கு முன் என் மாணவர் ஒருவர் கைப்பேசியும் கையுமாக ஆய்வகத்துக்கு வந்தார். அதில் அவருடைய பாட்டியின் படம் இருந்தது. பாட்டி வீட்டுத் திண்ணையில் அமர்ந்து மல்லிகைச் சரம் தொடுத்துக்கொண்டிருக்கிறார். தெருவின் முடிவில் திண்டுக்கல் மலைக்கோட்டைப் பாறை தெரிகிறது. படம் எடுத்த நேரத்தில் வெயில் மடியிலிருந்த பூவின்மேல் விழுந்திருந்தது. முகமோ நிழலில் இருந்தது. எனவே மாணவர் படத்தின் ஒளியைக் கூட்டினார். முகம் பளிச்சென்று தெரிந்தது. அந்த மகிழ்ச்சியில் அதே கோப்பின் மேலேயே சேமித்துவிட்டார்.

இரண்டு மாதங்கள் கழித்துப் பாட்டி காலமானார். படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போடலாம் என்று எடுத்துப் பார்த்தபோதுதான் அந்தக் குறை தெரிந்தது. பாட்டியின் மடியில் பூக்கள் இல்லை. ஒரு வெள்ளைத் திட்டு மட்டுமே இருந்தது.

“சார், கூட்டின ஒளியைக் குறைத்துவிட்டால் பூ திரும்ப வந்துவிடுமா?” என்று கேட்டார்.

வராது. ஏன் வராது? வராமற்போகும் நிலை ஏற்படாமலேயே படங்களைத் திருத்த வழி உண்டா? இவ்விரு கேள்விகளுக்கும் இக்கட்டுரையில் விடை காண்போம்.

ஐந்து எண்களில் ஒரு சோதனை

கணினியில் உள்ள படம் என்பது எண்களின் அடுக்கு. படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் அதன் ஒளிர்வைக் குறிக்கும் எண் உண்டு. நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் ஜேபெக் படங்களில் ஒவ்வொரு நிறத்துக்கும் 8 பிட் இடம் தரப்படுகிறது. எனவே எண்கள் 0 முதல் 255 வரைதான் இருக்க முடியும். 0 என்றால் கறுப்பு. 255 என்றால் முழு வெள்ளை.

மல்லிகைச் சரத்தின் ஐந்து புள்ளிகளை எடுத்துக்கொள்வோம்.

முதலில் இருந்தவை: 200, 215, 225, 235, 245
ஒவ்வொன்றுடனும் 40 கூட்டிய பின்: 240, 255, 255, 255, 255
மீண்டும் 40 கழித்த பின்: 200, 215, 215, 215, 215

225, 235, 245 ஆகிய மூன்றும் கூட்டலில் 255-ஐத் தாண்டுகின்றன. தாண்டியதை எழுத இடமில்லாததால் கணினி அவற்றை 255 என்றே வெட்டிவிடுகிறது. அதன்பின் எதைக் கழித்தாலும் அவை ஒரே எண்ணாகத்தான் இருக்கும். இதழுக்கு இதழ் இருந்த வேறுபாடு மறைந்துபோயிற்று. அந்த வேறுபாட்டைத்தான் நம் கண் ‘பூ’ என்று அறிந்தது!

பத்தாம் வகுப்புக் கணிதத்தில் சார்புகளைப் படிக்கிறீர்கள். பல மதிப்புகள் சென்று ஒரே மதிப்பில் முடியும் சார்புக்கு நேர்மாறு கிடையாது என்பதை அறிவீர்கள். படத்தை வெளுக்கச் செய்வது அத்தகைய சார்பு. 255 என்ற விடையை மட்டும் வைத்துக்கொண்டு, அது 225-லிருந்து வந்ததா 245-லிருந்து வந்ததா என்று எந்தக் கணினியாலும் சொல்ல முடியாது. இன்றைய செயற்கை நுண்ணறிவு நிரல்கள் அந்த இடத்தில் ஒரு பூவை வரைந்து தரக்கூடும். ஆனால் அது பாட்டி தொடுத்த பூ அன்று; நிரலின் ஊகம்.

கேமரா உண்மையில் எதை எழுதுகிறது?

கேமராவுக்குள் இருக்கும் உணரியில் கோடிக்கணக்கான மிகச் சிறிய ஒளி டையோடுகள் உள்ளன. அவற்றின்மேல் விழும் ஃபோட்டான்கள் எலக்ட்ரான்களை விடுவிக்கின்றன. ஒவ்வொரு டையோடிலும் சேர்ந்த மின்னூட்டம் மின்னழுத்தமாக அளக்கப்பட்டு எண்ணாக மாற்றப்படுகிறது. மழைநாளில் வாசலில் வரிசையாக வைத்த குடங்களில் எவ்வளவு நீர் சேர்ந்தது என்று அளப்பதைப் போன்றது இது.

நல்ல கேமராக்கள் இந்த அளவை 12 அல்லது 14 பிட்டில் எழுதுகின்றன. 12 பிட் என்றால் 4,096 படிகள். 14 பிட் என்றால் 16,384 படிகள். ஜேபெக் படத்தின் 256 படிகளோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இந்த டையோடுகளுக்கு நிறம் தெரியாது. ஒளியின் அளவு மட்டுமே தெரியும். எனவே ஒவ்வொன்றின்மேலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றில் ஒரு நிற வடிகட்டி பொருத்தப்படுகிறது. நான்கு புள்ளிகள் கொண்ட சதுரத்தில் இரண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீலம் என்பது அமைப்பு. கோடாக் நிறுவனத்தைச் சேர்ந்த பிரைஸ் பேயர் என்பவர் 1976-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். இதனால் ஒரு புள்ளிக்கு ஒரு நிறம் மட்டுமே நேரடியாக அளக்கப்படுகிறது. மற்ற இரண்டும் பக்கத்துப் புள்ளிகளைக் கொண்டு கணக்கிடப்படுகின்றன.

உணரி அளந்த இந்த எண்களைப் பெரிதாக மாற்றாமல் அப்படியே வைத்திருக்கும் கோப்புக்கு ‘ரா’ கோப்பு என்று பெயர். ‘ரா’ என்றால் சமைக்காதது என்று பொருள். நாம் இதை மூலப்படம் என்று அழைப்போம்.

மூலப்படத்திலிருந்து ஜேபெக் உருவாகும்போது என்ன நடக்கிறது? விடுபட்ட நிறங்கள் கணக்கிடப்படுகின்றன. வெள்ளை வெள்ளையாகத் தெரியும்படி நிறங்கள் சமன் செய்யப்படுகின்றன. ஆயிரக்கணக்கான படிகள் 256 படிகளாகச் சுருக்கப்படுகின்றன. பிறகு படம் 8-க்கு 8 புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுணுக்கங்கள் நீக்கப்படுகின்றன. இதற்கு அடிப்படையான கணித முறையை நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகிய மூவரும் 1974-இல் வெளியிட்டனர். அம்முறையால்தான் படங்களை நொடிப்பொழுதில் அனுப்ப முடிகிறது. ஆனால் ஜேபெக் என்பது வடித்த சோறு. உண்பதற்கு அதுதான் வேண்டும். ஆயினும் சோற்றை மீண்டும் அரிசியாக்க முடியாது.

மூலப்பத்திரமும் பிழைத்திருத்தலும்

உங்கள் வீட்டில் நிலத்துக்கோ வீட்டுக்கோ மூலப்பத்திரம் இருக்கும். அதில் ஒரு சர்வே எண் தவறாக எழுதப்பட்டிருந்தால் என்ன செய்வார்கள்? பத்திரத்தைச் சுரண்டி எழுதமாட்டார்கள். ‘இன்ன பத்திரத்தில் இன்ன இடத்தில் இருப்பதை இப்படி வாசிக்க வேண்டும்’ என்று தனியாக ஒரு பிழைத்திருத்தல் பத்திரம் எழுதிப் பதிவு செய்வார்கள். மூலமும் இருக்கும்; திருத்தமும் இருக்கும். இரண்டையும் சேர்த்துப் படிப்பதே சரியான வாசிப்பு.

மூலப்படத்தைத் திருத்தும் நிரல்களும் இதையேதான் செய்கின்றன. டார்க்டேபிள், ராதெரபி ஆகியவை யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய நிரல்கள். அடோபி நிறுவனத்தின் லைட்ரூம் கட்டணம் செலுத்திப் பயன்படுத்துவது. இவற்றில் நீங்கள் ஒளியைக் கூட்டும்போது மூலப்படத்தின் ஓர் எண்கூட மாறுவதில்லை. ‘ஒளியை ஒரு படி கூட்டுக, நிறத்தை இவ்வளவு வெப்பமாக்குக, வலப்பக்கம் இவ்வளவு வெட்டுக’ என்று ஒரு குறிப்பு மட்டும் எழுதப்படுகிறது. திரையில் நீங்கள் பார்ப்பது, மூல எண்களின்மேல் அந்தக் குறிப்பை அப்போதைக்கப்போது செயல்படுத்திக் கிடைக்கும் விடை.

முன்பு பார்த்த சோதனையை இம்முறையில் செய்து பாருங்கள். முதலில் ‘40 கூட்டுக’ என்று குறிப்பு. மறுநாள் மனம் மாறி அதை 0 ஆக்குகிறீர்கள். நிரல் மீண்டும் 200, 215, 225, 235, 245 என்ற மூல எண்களிலிருந்தே தொடங்குவதால் பூ அப்படியே இருக்கிறது. நூறு முறை மாற்றினாலும் இழப்பு இல்லை.

குறிப்பில் செயல்களின் வரிசையும் இருக்க வேண்டும். 5 என்ற எண்ணை இரண்டால் பெருக்கிப் பின் 3 கூட்டினால் 13 வரும். முதலில் 3 கூட்டிப் பின் இரண்டால் பெருக்கினால் 16 வரும். படத்திலும் அப்படியே. அதுமட்டுமன்று, நிரலை எழுதுவோர் தங்கள் கணக்கு முறைகளை அவ்வப்போது மேம்படுத்துவர். எந்த முறையில் திருத்தியது என்பதும் குறிப்பில் இருந்தால்தான் பத்தாண்டு கழித்தும் அதே படம் கிடைக்கும். டார்க்டேபிள் ஒவ்வொரு செயலோடும் அதன் பதிப்பு எண்ணை எழுதி வைப்பது இதற்காகத்தான்.

இதில் இடமும் மிச்சமாகிறது. 2 கோடியே 40 இலட்சம் புள்ளிகள் கொண்ட 14 பிட் மூலப்படம், சுருக்காத நிலையில் 42 மெகாபைட். அதையே திருத்தி மூன்று நிறங்களுக்கும் 16 பிட் வீதம் முழுப்படமாகச் சேமித்தால் 144 மெகாபைட். மூன்று விதமாகத் திருத்தினால் 432 மெகாபைட். குறிப்பாக எழுதினால் மூன்றும் சேர்ந்து பெரும்பாலும் சில பத்துக் கிலோபைட்டுகளில் அடங்கிவிடும்.

குறிப்பை எங்கே வைப்பது?

மூன்று வழிகள் உள்ளன.

முதல் வழி துணைக்கோப்பு. மூலப்படத்தின் பக்கத்திலேயே, அதன் பெயரையொட்டிய பெயரில், சிறிய எழுத்துக் கோப்பு ஒன்று இருக்கும். பல நிரல்கள் இதற்கு எக்ஸ்.எம்.பி. என்ற அமைப்பைப் பயன்படுத்துகின்றன. அடோபி 2001-இல் அறிமுகப்படுத்திய இது 2012-இல் பன்னாட்டுத் தர நிர்ணயமாக ஏற்கப்பட்டது. இதைச் சாதாரண எழுத்து நிரலில் திறந்து பார்க்கலாம்.

இரண்டாம் வழி தரவுத்தளம். எல்லாப் படங்களுக்குமான குறிப்புகளும் ஒரே பேரேட்டில் இருக்கும். 2007-இல் வெளிவந்த லைட்ரூம் இம்முறையை முதன்மையாகக் கொண்டது. பல்லாயிரம் படங்களில் தேட இது வசதி. ஆனால் பேரேடு கெட்டால் அத்தனை குறிப்புகளும் ஒரே நாளில் போய்விடும்.

மூன்றாம் வழி, படக் கோப்புக்குள்ளேயே தனிப் பகுதியில் எழுதுவது. 2004-இல் வெளியான டி.என்.ஜி. என்ற மூலப்பட அமைப்பு இதற்கு இடம் தருகிறது. பல கைப்பேசிகளும் மூலப்படத்தை இந்த அமைப்பில்தான் எழுதுகின்றன. குறிப்பும் படமும் பிரியாமல் இருக்கும் என்பது இதன் நன்மை. எழுதும்போது மின்சாரம் நின்றால் மூலமும் கெடக்கூடும் என்பது இதன் அபாயம்.

துணைக்கோப்பு முறையில் நானே ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். துறை விழாக்களின் படங்களைப் புதிய வன்தட்டுக்கு மாற்றியபோது பெரிய கோப்புகளை மட்டும் தேர்ந்து நகல் எடுத்துவிட்டேன். சின்னஞ்சிறு எழுத்துக் கோப்புகள் தேவையற்றவை என்று எண்ணிப் பழைய தட்டைத் துடைத்தும் விட்டேன். ஓராண்டுத் திருத்தங்கள் போயின. ஒரு வாரம் அமர்ந்து மீண்டும் திருத்தினேன். என் மாணவரின் இழப்புக்கும் என் இழப்புக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். குறிப்பு போனால் உழைப்பு போகும், மீண்டும் உழைக்கலாம். மூலம் போனால் மீள வழியில்லை. முதலில் பூட்டி வைக்க வேண்டியது எது என்பது இதிலிருந்து விளங்கும். பூட்டுக்குப் பெயர்பெற்ற ஊர்க்காரர்களுக்கு இதை அதிகம் சொல்ல வேண்டியதில்லை!

மலைமேல் ஒரு மூலப்படக் களஞ்சியம்

மூலத்தைக் காப்பதால் நூறாண்டுக்குப் பின்னும் என்ன பயன் விளையும் என்பதற்குச் சான்று நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடம் 1899-இல் நிறுவப்பட்டது. இன்று அது பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் ஓர் அங்கம். வானம் தெளிந்த நாளெல்லாம் அங்கே சூரியனைப் படம் பிடித்தார்கள். வெண்ணொளிப் படங்களும், கால்சியம் அணுவின் ‘கே’ நிறமாலைக் கோட்டில் எடுத்த படங்களும் 1904 முதல் உள்ளன. ஹைட்ரஜன் ஆல்ஃபா கோட்டில் எடுத்தவை 1912-இலிருந்து தொடங்குகின்றன. ஜான் எவர்ஷெட் 1909-இல் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்ததும் அங்கேதான்.

1904-இல் படம் எடுத்தவர்களுக்குச் சூரியப் புள்ளி ஒரு காந்தப் பகுதி என்பது தெரியாது. அமெரிக்க அறிவியலார் ஹேல் 1908-இல்தான் அதைக் கண்டார். ஆனால் இன்று அதே பழைய படங்களைக்கொண்டு அக்காலத்துச் சூரியனின் காந்தச் செயற்பாட்டை ஆராய்கிறார்கள். படம் எடுத்தவருக்குத் தோன்றாத கேள்விக்கும் மூலப்படம் விடை சொல்கிறது!

அந்தப் படத்தட்டுகள் முதலில் 8 பிட் ஆழத்தில் இலக்கமாக்கப்பட்டன. பின்னர் நல்ல உணரிகள் வந்ததும் 4096-க்கு 4096 புள்ளிகளில், 16 பிட் ஆழத்தில் மீண்டும் இலக்கமாக்கப்பட்டன. 256 படிகளாக இருந்தது 65,536 படிகளானது. ‘கணினியில் ஏற்றியாயிற்று, இனித் தட்டு எதற்கு?’ என்று அன்றே தூக்கி எறிந்திருந்தால் இது நடந்திருக்குமா?

இலக்கமாக்கிய படத்தையும் அப்படியே பயன்படுத்த முடியாது. ஒளி சமமின்றி விழுந்ததைச் சரிசெய்ய வேண்டும். தட்டின் கருமையை ஒளிச்செறிவாக மாற்ற வேண்டும். சூரியனின் வடக்கு மேலே வரும்படி திருப்ப வேண்டும். இவை யாவும் திருத்தங்களே. திருத்தாத படம் ஒரு நிலை, திருத்திய படம் மற்றொரு நிலை என இரண்டையும் தனித்தனியே வைப்பது வானியலாரின் வழக்கம். 1981-இல் அவர்கள் வகுத்த ‘ஃபிட்ஸ்’ என்ற கோப்பு அமைப்பில், படத்துக்கு என்னென்ன செய்யப்பட்டது என்பதை எழுத ‘வரலாறு’ என்று பொருள்படும் தலைப்பே ஒதுக்கப்பட்டுள்ளது. ஒருவர் செய்த திருத்தத்தில் பிழை இருந்தால், மற்றொருவர் மூலத்திலிருந்து புதிதாகத் தொடங்கலாம். சோதித்துப் பார்க்க முடிவதே அறிவியல். அதற்கு மூலமும் வேண்டும். செய்ததை மறைக்காத குறிப்பும் வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. கேமராவிலோ கைப்பேசியிலோ மூலப்படம் எடுக்கும் வசதி இருந்தால் முக்கியமான படங்களுக்கு அதைப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் முதல் ஜேபெக் கோப்பையே மூலமாகக் கருதுங்கள். அதன் மேல் எழுதாமல் வேறு பெயரில் சேமியுங்கள்.

2. திருத்தத் தொடங்குமுன் கோப்புக்குத் தேதியோடு கூடிய பெயர் கொடுத்துவிடுங்கள். பல கேமராக்கள் 9999-க்குப் பின் மீண்டும் முதலிலிருந்து எண்ணுவதால் ஒரே பெயரில் இரு படங்கள் வரக்கூடும். திருத்திய பின் பெயரை மாற்றினால் துணைக்கோப்பு எந்தப் படத்துக்குரியது என்பது நிரலுக்குத் தெரியாமல் போகும்.

3. நகல் எடுக்கும்போது கோப்புறை முழுவதையும் எடுங்கள். மூன்று நகல்கள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒரு நகல் வேறு வீட்டில் என்பது நல்ல விதி.

4. முடிந்த படம் ஒன்றைத் தனியே ஜேபெக்காகவும் வையுங்கள். ஒரு நிரலின் குறிப்பை மற்றொரு நிரல் முழுவதும் புரிந்துகொள்வதில்லை. ஆப்பிள் நிறுவனம் 2005-இல் வெளியிட்ட அப்பெர்ச்சர் என்ற நிரலைத் தொடரப்போவதில்லை என்று 2014-இல் அறிவித்தது. அதைப் பயன்படுத்தியோர் வேறு நிரலைத் தேட வேண்டியதாயிற்று.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். மூலப்படம் மாயக்கண்ணாடி அன்று. குடம் நிரம்பி வழிந்தபின் எவ்வளவு மழை பெய்தது என்று குடத்தைப் பார்த்து அறிய முடியாது. அதுபோல, படம் எடுக்கும்போதே உணரி நிரம்பிவிட்டால் மூலத்திலும் வெறும் வெள்ளைதான் இருக்கும். மிகவும் இருண்ட பகுதியை வெளிச்சமாக்கினாலோ புள்ளிபுள்ளியாக இரைச்சல் தெரியும். 10,000 ஃபோட்டான்கள் விழும் இடத்தில் இயல்பான ஏற்றத்தாழ்வு அதன் வர்க்கமூலமாகிய 100. அதாவது 1 விழுக்காடு. 100 ஃபோட்டான்களே விழும் இடத்தில் அது 10. அதாவது 10 விழுக்காடு. இயற்கை தராத தகவலை எந்தக் குறிப்பாலும் வரவழைக்க இயலாது. கிடைத்த தகவலை இழக்காமல் இருப்பதே நம் கையில் உள்ளது.

என் மாணவர் அந்தப் படத்தை அப்படியே சட்டம் போட்டு மாட்டிவிட்டார். முகம் தெளிவாக இருக்கிறது. பூ இல்லை. இப்போது அவர் வீட்டில் எடுக்கும் ஒவ்வொரு படத்துக்கும் மூலம் தனியே, நகலோடு இருக்கிறது.

செய்து பாருங்கள்

ஒரு கோப்பின் எல்லா எண்களையும் கலந்து கணக்கிட்டு 64 இலக்க முத்திரை ஒன்றைத் தரும் ‘ஷா-256’ என்ற முறை உண்டு. கோப்பில் ஒரு பிட் மாறினாலும் முத்திரை முற்றிலும் மாறிவிடும். உங்கள் கணினி ஆசிரியரின் உதவியோடு ஒரு மூலப்படத்தின் முத்திரையைக் குறித்துக்கொள்ளுங்கள். டார்க்டேபிளில் அதைப் பலவாறு திருத்துங்கள். மீண்டும் முத்திரையைக் கணக்கிடுங்கள். பிறகு ஒரு ஜேபெக் படத்தின் நகலை எடுத்து, சாதாரணப் பட நிரலில் திருத்தி, அதன் மேலேயே சேமித்து, அதன் முத்திரைகளையும் ஒப்பிடுங்கள்.

சிந்தியுங்கள்

1. 8 பிட் படத்தில் 101 என்ற மதிப்பைப் பாதியாக்கி, தசமத்தை விட்டுவிட்டுச் சேமித்து, மீண்டும் இரட்டிப்பாக்கினால் என்ன கிடைக்கும்? 100 என்ற மதிப்புக்கும் அதே விடை வருகிறதா?

2. 12 பிட் மூலப்படத்தில் ஒளி பாதியாகக் குறையும் ஒவ்வொரு படிக்கும் எத்தனை எண்கள் கிடைக்கின்றன? 2048-இலிருந்து 4095 வரை முதற்படி எனத் தொடங்கி எழுதிப் பாருங்கள். நிழலைவிட வெளிச்சப் பகுதியில் நுணுக்கம் மிகுந்திருப்பதன் காரணம் விளங்கும்.